காட்டன் சுடிதார்

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்த பெரியவர் விஸ்வநத்தத்தில் பட்டாசு கம்பெனி நடத்துகிறவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. லோடு, ஆர்டர் என்று பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று சொன்னார்:

"எம் மக காலேஜ் லீவுக்கு வாரப்ப, பஸ் ஸ்டாண்டு பாத்ரூம்ல உடுப்பு மாத்திட்டுத்தான் வீட்டுக்கு வாரா."

"யாரு சொன்னா அண்ணாச்சி?"

"நானே பாத்தேன். போன வாரம் கூப்பிடப் போயிருந்தேன். பளபளன்னு ஒரு சட்டை போட்டு எறங்குனா. அவளுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. நான் தூணுக்குப் பின்னால நின்னுக்கிட்டேன். உள்ள போனவ காட்டன் சுடிதார்ல வெளிய வந்தா."

"சின்னப் பிள்ளையில இருந்து காட்டனைத் தவிர எதையும் நீங்க போட விடலயே."

"நைலான் உரசுனா பொறி கெளம்பும்ல. அதப் போட்டுட்டு வந்தா கம்பெனிக்குள்ள யாரையும் விடமாட்டோம். அந்தப் பயந்தான்."

"கம்பெனிக்குச் சரி. வீட்டுல என்ன வெடிமருந்தா கெடக்கு?"

ஆமத்தூரில் பஸ் நின்று கிளம்பியதும் பக்கத்தில் இருந்தவரே மறுபடியும் கேட்டார்:

"அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல வச்சாச்சும், இஷ்டப்பட்டதைப் போட்டுக்கோன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் கிட்டப் போனேன். என்னையப் பாத்ததும் துப்பட்டாவை நீவி விட்டுட்டு, பையைக் கீழ வச்சுட்டு நின்னா. நம்ம கம்பெனி கேட்டுல வேலையாளுக சோதனைக்கு நிப்பாகள்ல, அதே மாதிரி."