கேட்டால் சொல்வேன்

விசாரணைக் கவுண்ட்டரில் உட்காருகிறவளுக்குப் பொறுமை வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், சார். பொறுமை அப்புறம். முதலில் ஒரு நல்ல மெத்தை வேண்டும். பேருந்து நிலையத்தில் எங்களுக்குக் கொடுத்திருக்கும் இரும்பு நாற்காலியில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள். நான் பாதி ஆயுசை அதில்தான் ஓட்டினேன்.

அந்த பஸ் டிரைவரை ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். வரும்போது பார்த்தேன். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்குத் தெரிந்ததை நான் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பொய் சொல்ல வராது. பஸ் வருமா என்று கேட்டால் மற்றவர்கள் "இதோ வந்துடும்" என்பார்கள். நான் "வராது, வழியில நின்னு போச்சு, வேற வழி பாருங்க" என்று சொல்லிவிடுவேன். முகத்தைச் சுளிப்பார்கள், திட்டுவார்கள். டீக்கடைக்காரர் எனக்கு அரிச்சந்திரி என்றே பெயர் வைத்துவிட்டார். வைத்தால் வைக்கட்டும். இல்லாத பஸ்ஸுக்காக ஒருத்தரைக் கால் கடுக்க நிற்க வைப்பதை விட இது மேல்.

அப்பாவிடமும் அப்படித்தான் இருந்தேன்.

அப்பா ஒரு பெரிய கிடங்குக்கு மேலாளராக இருந்தவர். தெருவில் எல்லாருக்கும் அவர் கிடங்கு சார். கல்லுளிமங்கன். வீட்டிலும் சரக்கு வந்ததா போனதா என்கிற தோரணையில்தான் பேச்சு. அம்மா ஒரு மழைக்காலம் பூராவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தாள். "வேலை செய்ய உடம்பு வணங்காம நடிக்கிறா" என்றார் அப்பா. நானும் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "நீயும் அவளோட சேர்ந்துட்டியா?" என்றார். கடைசியில் அவளால் எழுந்து நிற்க முடியாதபோது நான்தான் கொண்டுபோனேன். வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர் அப்படியே மூடிவிட்டார்.

அம்மாவின் காரியம் எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "நாளைக்குச் சட்டைக்கு யார் இஸ்திரி போடுவா?" என்று கேட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. நான் போட்டேன். அன்றிலிருந்து நேற்று வரை அவர் சட்டைகளுக்கு நான்தான் இஸ்திரி போட்டேன். கல்யாணம் காட்சி என்று எனக்கு ஒன்றும் அமையவில்லை. அதைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை. வயிறு எரியத்தான் செய்தது, சார். இல்லை என்று சொன்னால் அது பொய்.

அப்புறம் பல வருஷம் கழித்து மறதி வந்தது. முதலில் மூக்குக் கண்ணாடி, அப்புறம் முடிவெட்டப் போன இடத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழி. ஒருநாள் சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்தபடியே கேட்டார், "உங்கம்மா எங்க? இன்னும் காப்பி வரலையே."

"அம்மா செத்துட்டாங்கப்பா" என்றேன்.

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாய் கோணிக்கொண்டு போனது. அப்புறம் அழுதார், குழந்தை மாதிரி, மூக்கு ஒழுக, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. அம்மாவுக்காக அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாளும் கேட்டார். மறுநாளும் சொன்னேன்.

வாரத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்க ஒரு நர்ஸ் வருவாள். நல்ல பெண். அவள் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அக்கா, இப்படிச் சொல்லாதீங்க. நமக்குத்தான் அது பழைய விஷயம். அவருக்கு ஒவ்வொரு தடவையும் இப்பத்தான் சாகுறாங்க. கடைக்குப் போயிருக்காங்க, வந்துடுவாங்கன்னு சொல்லிடுங்க. சந்தோஷமா இருப்பாரு. இதயமும் அவ்வளவு பலமா இல்ல."

"எனக்குப் பொய் வராது" என்றேன். வேண்டுமானால் அவளையே கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஆனால் அவள் சொன்னதை நான் ஒரேயடியாகத் தட்டிவிடவும் இல்லை. அன்றிலிருந்து இதய மாத்திரையைக் கொடுத்து, அது இறங்க விட்டு, அப்புறம்தான் சொல்வேன். அந்த அக்கறை எனக்கு உண்டு.

சில நாள் அவர் கேட்கவே மாட்டார். மறதிக்காரர் கேட்பதையும் மறப்பார் இல்லையா? அதனால் கொஞ்சம் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. அம்மாவின் பச்சைப் புடவை ஒன்று பெட்டியில் இருந்தது. அதை நனைத்து, பிழிந்து, அவர் படுக்கையிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி கொடியில் போடுவேன். கண் விழித்ததும் "துணி துவைச்சுட்டாளா? எங்க அவ?" என்பார். மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்து சொல்வேன்.

வெறுமனே செத்துப்போனாள் என்றால் பாதி உண்மை. அதனால் முழுவதையும் சொல்ல ஆரம்பித்தேன். வயிற்று வலி, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது, எல்லாம். கடைசியில், "நடிக்கிறான்னு சொன்னது நீங்கதாம்பா" என்பேன். "நானா? நானா சொன்னேன்?" என்று கேட்பார். அந்த 'நானா'வைக் கேட்பதற்காகவே நான் வேலையிலிருந்து சீக்கிரம் வந்த நாட்கள் உண்டு. இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும், சார். கெடுத்தது அவர்தான்.

போன மாதம் ஒருநாள் காலையில் அவர் எனக்கு முன்னால் எழுந்துவிட்டார். ராத்திரியே நான் நனைத்துப் போட்டிருந்த புடவையைக் கொடியிலிருந்து எடுத்து, மடித்து, ஈரத்தோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்கம்மா செத்துப் போயிட்டா, இல்லம்மா?" என்றார். "பாவம், வலியில துடிச்சிருக்கா. நான் நடிக்கிறான்னு சொல்லிட்டேன். பெரிய தப்பு."

அழவில்லை. குரல்கூட உடையவில்லை. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் தனியா எவ்வளவு கஷ்டப்பட்டிருப்ப. சாப்பிட்டியா?" என்றார்.

எதெது மறந்தாலும் திரும்பத் திரும்பச் சொன்னது சில சமயம் ஆழமாகப் பதிந்துவிடுமாம். நர்ஸ்தான் சொன்னாள். என் பெயர் போய்விட்டது, வீட்டுக் கதவு எந்தப் பக்கம் என்பது போய்விட்டது, இது மட்டும் நின்றுவிட்டது. மறுநாளும் ஞாபகம் இருந்தது. அதற்கு மறுநாளும். நான் புடவையைப் போடப் போட அவர் எடுத்து மடித்து அலமாரியில் வைத்தார். ஒழுங்காகச் சாப்பிட்டார். மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினார். "உங்கம்மா நல்லவ. இந்நேரம் என்னை மன்னிச்சிருப்பா" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மன்னித்திருப்பாளாம். யாரைக் கேட்டு?

நேற்று நல்ல மழை. எனக்கு மத்தியான வேலை. கிளம்பும்போது அவர் முன்னால் குனிந்து நின்று, "அப்பா, அம்மா சாகல. யார் உங்களுக்கு அப்படிச் சொன்னா? பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாங்க. குடை எடுத்துட்டுப் போகல" என்றேன்.

அவருக்குச் சொன்ன முதல் பொய் அது. நர்ஸ் சொன்னது சரிதான். முகம் அப்படியே மலர்ந்துபோனது. "உசுரோட இருக்காளா? அடப்பாவமே, நனைஞ்சுட்டு நிப்பாளே" என்று செருப்பைத் தேடினார். நானே மாட்டிவிட்டேன். இஸ்திரி போட்ட சட்டை போட்டுவிட்டேன். குடையைக் கையில் கொடுத்தேன். எப்போதும் பூட்டுகிற கதவைப் பூட்டவில்லை. அவர் குடையை விரிக்கத் திணறிக்கொண்டிருக்கையில் நான் முன்னால் போய்விட்டேன். தெரு முனை திரும்பினால் பேருந்து நிலையம். இரைச்சலைக் கேட்டே வந்துவிடலாம்.

வருவாரா என்று எனக்குத் தெரியாது. வந்தார். வரிசையில் நின்றார், எப்போதும் ஒழுங்கானவர். அவர் முறை வந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து குனிந்து என்னைப் பார்த்தார். முழங்கால் வரை நனைந்திருந்தார்.

"அம்மா, என் வீட்டுக்காரி குடை இல்லாம வந்திருக்கா. எங்க நிப்பான்னு சொல்ல முடியுமா?"

கடைசிப் பிளாட்பாரம் உங்களுக்குத் தெரியாது. அங்கே பஸ்கள் பின்னுக்கு வந்துதான் நிற்கும். விசில் ஊதி இடம் காட்ட ஓர் ஆள் உண்டு. ஆனால் தூறல் விழுந்தாலே அவர் டீக்கடைக்குள் ஒதுங்கிவிடுவார். அதைப் பற்றி நான் எழுதிக்கூடக் கொடுத்திருக்கிறேன், யாரும் கவனிக்கவில்லை.

"கடைசிப் பிளாட்பாரத்துக்குப் போங்க" என்றேன். "மஞ்சக் கோட்டைத் தாண்டி, கீழ இறங்கி நில்லுங்க. குடையைத் தாழ்த்திப் பிடிச்சுக்கோங்க, காத்து அடிக்குது. அவங்களே வந்துடுவாங்க."

"ரொம்ப நன்றிம்மா. நல்லா இருப்ப" என்றார்.

சத்தம் கேட்டபோது நான் அடுத்தவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். சன்னலில் ஆள் நிற்கும்போது பாதியில் எழுந்து போவது முறையில்லை.

ஆமாம், நான்தான் அனுப்பினேன். அவர் அடிபடட்டும் என்றுதான் அனுப்பினேன். ஆனால் சார், ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். அவரைச் சந்தோஷமாக வைத்துக்கொள் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் அவ்வளவு சந்தோஷமாக நடந்து போய் நான் பார்த்ததே இல்லை. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லையா என்று கேட்கிறீர்கள். தெரியவில்லை. நீ யாரும்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், உங்க பொண்ணுப்பா என்று உள்ளதைச் சொல்லி, கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போயிருப்பேன். அவர் கேட்கவில்லை.