வளைந்த வால்

நான் எழுதியே கொடுத்துவிடுகிறேன். பேசினால் எனக்கு வார்த்தை இழுக்கும். கையெழுத்து மட்டும் அச்சடித்ததுபோல வரும். இருபத்தாறு வருடமாகக் கட்டைவிரல் நகம் அளவுச் சீட்டுகளில் எழுதிப் பழகிய கை இது.

வௌவால்களின் உடலுக்குள் வாழும் புழுக்களில் புதிய இனங்களைக் கண்டுபிடித்து, அளந்து, வரைந்து, பெயர் வைப்பது என் வேலை. என் மாமனார் "மாப்பிள்ளை டாக்டர்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். என்ன டாக்டர் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

இதுவரை ஒன்பது புதிய இனங்களை வருணித்திருக்கிறேன். ஒன்பதிலும் என் பெயர் இரண்டாவது. முதல் பெயர் எங்கள் துறைத் தலைவருடையது. அவர் நுண்ணோக்கியில் கண் வைத்து நான் பார்த்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அதுதான் நடைமுறை. ஆனால் அவர் ஓய்வு பெற்றுப் போனதும் என் மேசைக்கு வந்த முதல் புழு எனக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது.

அது வௌவாலின் மூக்குக்குப் பின்னால், மண்டையோட்டை ஒட்டிய குழியில் வாழ்வது. வெள்ளை நூல்போல இருக்கும், அரை அரிசி நீளம். மூன்று வருடத்தில் பதினோரு புழுக்கள் எடுத்தேன். பதினொன்றும் பெண். பெண் புழுக்களைப் பார்த்து இனம் பிரிக்க முடியாது. ஆணின் வால் நுனியில் இரண்டு முட்கள் இருக்கும். அவற்றின் நீளமும் வளைவும்தான் இனத்துக்கு இனம் மாறும். ஆண் இல்லாத வருணனையை எந்த இதழும் ஏற்காது. இதற்கிடையில் வேறு நாட்டில் ஒரு குழு அதே வௌவாலை அறுக்கத் தொடங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

எனக்கு வௌவால் பிடித்துத் தந்தவன் என் மனைவியின் தம்பி. வயது நாற்பத்தொன்று. கூரை வேலை செய்பவன். பல்பு மாற்ற நாற்காலி தேடாத உயரம், அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவன் ஏணி. எந்தக் கட்டடத்தின் மேற்கூரைக்குள் வௌவால் அடைகிறது என்பது அவனுக்கு அத்துப்படி. கண்ணில் பட்டதும் போன் செய்வான். "மாமா, உங்க சொந்தக்காரங்க ஒரு ஐம்பது பேர் இங்க தலைகீழா தொங்கறாங்க. வந்து நலம் விசாரிங்க." நான் அனுமதிக் கடிதத்தோடும் வலையோடும் போவேன். அவன் என்னிடம் எதையும் எதிர்பார்த்ததில்லை. தன் அக்காவைக் கட்டிக்கொண்டவன் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைக்கிற ரகம்.

அன்று ஒரு பழைய ஆலைக் கிடங்கு. காலை பத்து மணி இருக்கும். வலையில் நான்கு வௌவால்கள் விழுந்திருந்தன, எல்லாம் திடமானவை. ஐந்தாவது தரையில் கிடந்தது. பட்டப்பகலில், வெளிச்சத்தில், சிறகை விரித்தபடி, வாய் திறந்து. பறக்க முயலவில்லை. ஏணி அப்போதுதான் கையுறையைக் கழற்றி வியர்வை துடைத்துக்கொண்டிருந்தான். "ஐயோ பாவம், யாராவது மிதிச்சிடுவாங்க" என்று வெறுங்கையால் எடுத்தான். அது அவன் கட்டைவிரலைக் கடித்தது. ஊசி குத்தியதுபோல இரண்டு புள்ளிகள், அவ்வளவுதான்.

நான் செய்ய வேண்டியதைச் செய்தேன் என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து, பதினைந்து நிமிடம் கழுவவைத்தேன். நானே மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். டாக்டர் நிதானமானவர். "கடிச்ச வௌவால் கையில இருக்கா? நல்லதாப் போச்சு. இன்னிக்கே அரசு ஆய்வகத்துக்கு அனுப்பிடுங்க. தலை சிதையாம இருக்கணும், மூளையிலதான் பார்ப்பாங்க. நாளைக்கே ரிசல்ட் வந்துடும், ஒரு நாள் பொறுக்கிறதுல ஆபத்தில்ல. ரேபிஸ்னா உடனே ஊசி ஆரம்பிச்சிடலாம். இல்லேன்னா வேண்டியதே இல்ல."

அதை அனுப்பத்தான் என் அறைக்கு எடுத்துவந்தேன். அதற்குள் அது செத்திருந்தது. பொட்டலம் கட்டும் முன் பழக்கதோஷத்தில் ஒரு தடவை உருப்பெருக்கியில் பார்த்தேன். இடது மூக்குத் துளையில் ஒரு வால் நுனி எட்டிப் பார்த்தது. வளைந்து சுருண்டிருந்தது. பெண்ணின் வால் நேராக இருக்கும்.

புழுவை எடுத்துவிட்டுத் தலையை அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. அந்தப் புழு முனையைப் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். முழுத் தலையையும் சூடான ஆல்கஹாலில் போட்டு ஊறவைத்து, பிறகு எலும்பைத் திறந்து எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு மூளை அந்தச் சோதனைக்கு உதவாது. ஆய்வகத்துக்கு முதலில் போனால் அவர்கள் மண்டையைப் பிளப்பார்கள், புழு கூழாகிவிடும். ஒரே தலையை இரண்டு பேருக்குத் தர வழியில்லை.

பெட்டியில் நான்கு நல்ல வௌவால்கள் இருந்தன. ஒன்றுக்கு மயக்க மருந்து கொடுத்துக் கொன்றேன், வலியில்லாமல். பொட்டலம் கட்டினேன். சீட்டில் "கடித்த வௌவால்" என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே பொய்ச் சீட்டு அது.

மறுநாள் மாலை முடிவு வந்தது. ரேபிஸ் இல்லை. ஏணி வீட்டில் அவன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, "மாமா, இனி பயப்பட ஒண்ணுமில்லையே?" என்றான்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அவனோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டு அறைக்குத் திரும்பினேன். புழு அப்பழுக்கில்லாமல் வந்திருந்தது. வலது முள் இடது முள்ளைவிட இரண்டு மடங்கு நீளம், நுனியில் கொக்கி. யாரும் பார்க்காதது. அன்றைக்கு இருந்த மனநிலையை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது.

ஏழாவது வாரம் அவன் விரல் குறுகுறுக்கிறது என்றான். இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் டம்ளரை வாயருகே கொண்டுபோனதும் தொண்டை இறுகிக்கொண்டது. என் மனைவி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். அந்த ஒரு சொட்டுக்கே அவன் உடம்பு முறுக்கியது. "அந்த வௌவாலுக்கு ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தாங்களே டாக்டர்" என்று அவன் மனைவி திரும்பத் திரும்பச் சொன்னாள். அதனால் டாக்டர்கள் வேறு காய்ச்சல்களைத் தேடினார்கள். நான் வாசலில் நின்றிருந்தேன். டம்ளரைத் தள்ளியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நோய் வெளிப்பட்ட பிறகு எந்த ஊசியும் பயன்படாது. அப்போது சொல்லி யாருக்கு என்ன லாபம்? ஐந்தாம் நாள் இறந்தான். பிறகுதான் ரேபிஸ் என்று உறுதியானது. கூரைகளுக்குள் புழங்குகிறவன், வேறு எங்கோ கடி வாங்கியிருப்பான் என்று முடிவு செய்தார்கள்.

புழுவுக்கு நான் அவன் பெயரை வைத்தேன். இலத்தீனில் ஏணிக்கு என்ன சொல்லோ அது. அச்சில் வந்த கட்டுரையை எடுத்துக்கொண்டு அவன் மனைவியிடம் காட்டப் போனேன். படத்தையே வெகுநேரம் பார்த்தாள். "அவர் பேர ஒரு புழுவுக்கா வெச்சீங்கண்ணா?" என்றாள். இந்த உலகம் இருக்கிறவரை அந்தப் பெயர் இருக்கும் என்று விளக்கினேன். அவள் உள்ளே போய்விட்டாள். அந்தத் துக்கத்தில் புரிந்துகொள்ள முடியாது, நியாயம்தான்.

நீங்கள் என்னைப் பிடித்ததும் அந்தக் கட்டுரையால்தான். அரசு ஆய்வகத்து டாக்டரம்மா அதைப் படித்திருக்கிறார். இனத்துக்கு மூல மாதிரியாக வைத்த புழு எந்த விலங்கில் கிடைத்தது என்ற பகுதியில், தேதி, இடம், பிறகு "பெண் வௌவால், பகலில் தரையில் கிடந்தது, பிடித்தவரைக் கடித்தது" என்று எழுதியிருந்தேன். அவர்கள் பதிவேட்டில் அன்று வந்தது ஆண் வௌவால். வலையில் கிடைத்தது என்று ஒரு வார்த்தை மாற்றி எழுதியிருந்தால் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. என்னால் முடியவில்லை. வருணனையில் பொய் எழுதுகிறவன் ஆராய்ச்சியாளன் இல்லை.

அவன் இறந்து இரண்டு மாதத்தில் சாதாரணமாக வலையில் விழுந்த ஒரு வௌவாலின் தலையில் ஆறு ஆண் புழுக்கள் கிடைத்தன. அதையும் மறைக்க விரும்பவில்லை. அவற்றைப் பார்த்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை, அளவுகள் சரியாக ஒத்துப்போயின என்ற நிம்மதிதான் வந்தது.

இனி நீங்கள் நேற்றுக் கேட்டதற்கு வருகிறேன். அந்த வௌவாலுக்கு நோய் இருந்தது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியாது என்றே சொன்னேன். சோதனை செய்யாத தலையைப் பற்றி யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அது அறிவியல் முறையும் இல்லை.

அவனைக் கடித்த அன்றே மாலை நான்கு மணிக்கு, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஒரு மருத்துவமனையில் நான் ரேபிஸ் ஊசி போட்டுக்கொண்டதாகப் பதிவேடு காட்டினீர்கள். உண்மைதான். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. இதில் விளக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. கடி எனக்கு இல்லை, கையில் கீறல்கூட இல்லை. ஆனால் அந்தத் தலையைத் திறக்கப்போகிறவன் நான்தானே. ஊசி போடாமல் அதைத் தொட்டிருந்தால், அதைவிட அஜாக்கிரதை வேறு என்ன இருக்க முடியும்?