பிப்ரவரி ஆறு ஜூன் ரெண்டான கதை

"…தப்பு எம்மேல இல்ல கண்ணு, அந்த வெப்சைட்டு மேல. ஃப்ரீயா குடுக்கிறான்ல, அதான் அவனுக்குத் திமிரு! இந்த ஜன்னல கொஞ்சம் தள்ளேன்… ஆங், சாலு சாலு, போதும். டைம்லைன்னா இன்னான்னு தெரியும்ல உனக்கு? லேப்டாப் பையெல்லாம் வெச்சினு இருக்கியே, தெரியாமயா. ஒரு கோடு போவும். கோட்டு மேல புள்ளி புள்ளியா இருக்கும். புள்ளியத் தொட்டா அந்த வருஷத்துப் போட்டோ தொறக்கும், கீழ ரெண்டு வரி எழுத்து. நாம ஒரு ஷீட்ல தேதி, விஷயம், போட்டோன்னு வரிசையா எழுதிக் குடுத்தாப் போதும், மீதிய அவனே பண்ணிக்குவான். பண்ணான் பாரு… என் பொழப்பையே பண்ணிட்டான்!"

பஸ் சித்தூரை விட்டுக் கிளம்பிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் பக்கத்து சீட்டுப் பெண்ணின் பேர் ஹரிதா, இறங்கப்போவது சந்திரகிரியில் என்பதையெல்லாம் எப்சிபா கேட்டு வாங்கிவிட்டாள். அதோடு ஹரிதா பேசவேண்டியது முடிந்துபோனது. மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் எப்சிபா. எழுந்து ஓட முடியாதவர்களிடம் பேசியே பழகியவள்.

"எங்கண்ணன் எர்னஸ்ட்டு திருப்பதில இருக்காரு. அவருக்கும் எங்கண்ணி ஞானம்மாளுக்கும் கல்யாணமாகி அம்பது வருஷம். போன மாசம் ஆறாந்தேதி பொன்விழா. ஆளாளுக்கு சால்வ, மோதிரம். நான் மட்டும் இன்னா, ஃப்ளாஸ்க்கா குடுப்பேன்? யூட்யூப்பைப் பாத்து நானே கத்துக்கினேன் கண்ணு, நானே! அறுபத்தாறு வயசுல! மூணு வாரம். சோறு துன்னுகினே டைப் அடிச்சேன். அண்ணனோட மொத சைக்கிள், அண்ணி டீச்சரான நாளு, ஊடு கட்டுனது, மொத்தம் நாப்பத்தோரு புள்ளி. அந்த ஷீட்ல யார் வேணா எழுதலாம்னு தொறந்து, ஃபேமிலி க்ரூப்ல லிங்க் வேற போட்டு வெச்சேன், சொந்தக்காரங்க போட்டோ சேக்கட்டும்னு. ஒருத்தர் சேக்கல. ஒருத்தர்! குட்மார்னிங் அனுப்ப மட்டும் எல்லாருக்கும் கை நல்லா இருக்குது."

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். ஹரிதா போனை எடுக்கப் பார்த்தாள். பாட்டில் உடனே மூடிக்கொண்டது.

"இரு, இனிமேதான் இருக்குது விஷயம். அந்த வெப்சைட்டுக்காரனுக்கு மாசந்தான் முன்னாடி வரணுமாம், நாளு பின்னாடியாம். எந்த ஊரு வழக்கம்மா அது? எனக்கு எப்டித் தெரியும்? இருபத்தஞ்சு பன்னெண்டுன்னு போட்டா செவப்புல காட்றான், அப்பிடி ஒரு மாசமே இல்லன்னு. கிறிஸ்துமஸே இல்லன்றான் கண்ணு! சரி சனியன்னு செவப்பு வந்தத மட்டும் எழுத்துல எழுதிட்டேன். மீதியெல்லாம் கம்முனு எடுத்துக்கினான். கம்முனு எடுத்துக்கிறவனத்தான் நம்பக்கூடாது, ஆஸ்பத்திரில எத்தினி பேஷன்ட்டப் பாத்திருக்கேன்…

"ஃபங்ஷன் ஹால்ல இந்தாப் பெரிய திரை. எரநூறு பேரு. சர்ச்சு ஐயரு முன்வரிசைல ஒக்காந்துனு இருக்காரு. நான் மைக்கப் புடிச்சினு புள்ளி புள்ளியாத் தொட்டுனே வரேன். கல்யாணம், பிப்ரவரி ஆறு. ஆறு, ரெண்டுன்னு போட்டிருந்தேன். திரைல இன்னா வருது? ஜூன் ரெண்டு! நான் திரையப் பாக்கல, ஜனத்தப் பாத்துதான பேசினு இருக்கேன். அடுத்த புள்ளி, மூத்தவன் கிளமென்ட் பொறந்தது, டிசம்பர் பத்து. பத்து, பன்னெண்டு. அவன் அதை அக்டோபர் பன்னெண்டாக்கிட்டான். கல்யாணம் ஜூன்ல, புள்ள அக்டோபர்ல! நாலே மாசம்! பின்னாடி எவனோ விரல் விட்டு எண்றான். மொதல்ல ஒரு சிரிப்பு, அப்புறம் ஹாலே சிரிக்குது. ஐயரு மட்டும் சிரிக்காம கேக்கையே பாத்துகினு இருந்தாரு. அண்ணி மூஞ்சி… சொல்லாத போ."

ஹரிதாவின் தோள் குலுங்கியது. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நீயும் சிரி. சிரி. அத்தோட விட்டிருந்தா நாலு நாள்ல மறந்திருப்பாங்க. எனக்கு மனசு ஆறல. கம்ப்யூட்டர்காரன் தப்புக்கு எங்கண்ணி தல குனியறதா? கல்யாணம் நடந்தது அண்ணி ஊரு குடுபல்லில. குப்பம் பக்கத்துல, தெரியுமா? அடுத்த திங்கக்கெழம பஸ் புடிச்சிப் போனேன். அந்த வெய்யில்ல! சர்ச்சு ரிஜிஸ்டரத் தேடி எடுத்தாங்க. அம்பது வருஷத்துத் தூசி, மூணு நாளு தும்மல். பக்கத்தப் போட்டோ புடிச்சேன். 'எல்லாரும் உண்மையப் பாத்துக்கோங்க'ன்னு எழுதி, ஃபேமிலி க்ரூப்ல தட்டிவுட்டேன். எம்பத்தாறு பேரு இருக்கிற க்ரூப்பு."

பஸ் பாகாலா பக்கம் ஒரு மாந்தோப்பைக் கடந்துகொண்டிருந்தது.

"படிச்சிட்டு அனுப்பியிருக்கணும். படிக்கல. அதுல மே ஆறுன்னு இருக்குது கண்ணு. மே! பிப்ரவரி ஆறு நிச்சயதார்த்தமாம். அம்பது வருஷமா நிச்சயதார்த்தத் தேதிக்குக் கேக்கு வெட்டியிருக்காங்க, நானும் துன்னுட்டு வந்திருக்கேன். கல்யாணத்தப்போ நான் ஆஸ்டல்ல அம்ம போட்டுப் படுத்திருந்தேன், எனக்கெங்க தெரியும்? மொத மெசேஜ் யாருதுன்ற? அந்தக் கிளமென்ட்டே. பெங்களூர்ல மேனேஜரு. 'அத்த, மே மாசத்துலருந்து டிசம்பருக்கு எத்தினி மாசம்?'னு கேக்குறான். ஏழுன்னு நான் டைப் அடிச்சி, அனுப்பியும் தொலச்சிட்டேன்! சரி, கொறமாசத்துல பொறந்திருக்கலாம். பொறக்கலாம்ல? ஆனா பொறந்தப்போ மூணேகால் கிலோன்னு அவன் புள்ளில நானே எழுதி வெச்சிருக்கேனே… நர்ஸ் புத்தி."

இந்த இடத்தில் எப்சிபாவின் குரல் இறங்கிவிட்டது. யாரும் கேட்காமலே அடுத்ததைச் சொன்னாள்.

"வெப்சைட்டு மேல தப்பில்ல கண்ணு. விழாவுக்கு ஒரு வாரம் முன்னாடி அண்ணன் போன் பண்ணாரு. 'எப்சி, கல்யாணத்துக்கு வருஷம் மட்டும் போடும்மா, தேதி வேணாம்'னாரு. ஏன்னு கேட்டேன். சும்மாதான்னாரு. எனக்கு வேற யாரிருக்காங்க, அவரு என்னை ஒண்ணு வேணும்னு கேட்டதும் அந்த ஒரு தடவதான். வருஷம் மட்டும் போட்டா அந்தப் புள்ளி ஜனவரி ஒண்ணுல போய் ஒக்காந்துக்குது, பாக்க நல்லால்ல. அதுவுமில்லாம தேதி போடாத பேஷன்ட் சார்ட்ல நான் வாழ்க்கைலயே கையெழுத்துப் போட்டதில்ல. தேதியப் போட்டுட்டேன். அஞ்சு வாரமா அண்ணி எங்கிட்டப் பேசல. நேத்து அண்ணன் கூப்ட்டு, 'வந்துட்டுப் போ'ன்னாரு. எதுக்குன்னு சொல்லல. அதான் இப்டிப் பேசிகினே வரேன். இரு, அந்த டைம்லைன உனக்குக் காட்டறேன். என் கண்ணாடி எங்க…"

கண்ணாடி பைக்குள் பிஸ்கட் பாக்கெட்டுக்கு அடியில் கிடந்தது. அதைத் தேடி எடுத்து, துடைத்து, மாட்டி, போனில் லிங்க்கைத் திறப்பதற்குள் பஸ் எங்கேயோ நின்று கிளம்பியது. கோடு வந்தது. புள்ளிகள் வந்தன. கல்யாணப் புள்ளியைத் தொட்டாள். மே ஆறும் இல்லை, ஜூன் ரெண்டும் இல்லை.

"1974. கல்யாணம். தேதி எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். – ஞானம்மாள்."

எப்சிபா அதை இரண்டு தடவை படித்தாள். அண்ணிக்கு இந்த ஷீட்டைத் திறக்கத் தெரியும் என்பதே அவளுக்குப் புதுசு. கீழே எண்ணைப் பார்த்தாள். நாற்பத்தோரு புள்ளி இப்போது நாற்பத்திரண்டு. புதுப் புள்ளியைத் தொட்டாள்.

"மே 28, 1974. எப்சிபாவின் பத்தாங்கிளாஸ் ரிசல்ட். கணக்கில் ஃபெயில். அப்பாவிடம் சொல்லாமல் அவள் அண்ணனும் நானும் சேர்ந்து மறைத்தோம். செப்டம்பரில் எழுதிப் பாஸ் பண்ணினாள். இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை."

மாசம் முன்னாடி, நாள் பின்னாடி, எல்லாம் சரியாக விழுந்திருந்தது. க்ரூப்பில் எண்பத்தாறு பேரும் இதற்குள் பார்த்திருப்பார்கள்.

"அய்யய்யோ, பாத்தியா கண்ணு இவங்க பண்ண வேலைய!" என்று திரும்பினாள். பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. சந்திரகிரி எப்போதோ போய்விட்டிருந்தது.

எப்சிபாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணியின் நம்பரைத் தட்டினாள். முதல் மணியிலேயே அண்ணி எடுத்துவிட்டாள். அஞ்சு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த மன்னிப்பெல்லாம் எப்சிபாவுக்கு அந்த நிமிஷம் மறந்துபோனது.

"அண்ணீ! கணக்கு இல்ல… இங்கிலீஷு!"