மெதுவாகச் சுற்றிய கை

விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள்... போதும். இது நம் ஸ்டுடியோ தச்சுப் பட்டறை ஹோமருக்கு அண்ணன் முறையாகிற எல்மருக்கு நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுக்கலாம்.

கோடைக்காலம், மாலை ஆறரை மணி, வெயில் இன்னும் இறங்கவில்லை. ஹாலிவுட்டுக்கு வடக்கே, மலையைச் சுற்றிப் போகிற மண் சாலை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். படம் பிடிக்க வந்தவர்களைத் தவிர ஈ காக்கை கிடையாது. வளைவில் கேமராவை நிறுத்திக் காத்திருந்தான் எல்மர். கார் பந்தயப் படம்... கதாநாயகன் கடைசிப் பந்தயத்தில் ஜெயித்து முதலாளி மகளைக் கட்டிக்கொள்வானே, அதேதான். நாயகனுக்குப் பதிலாக வண்டி ஓட்டியவன் கிளைட். எல்மரின் மைத்துனன், மனைவிக்கு ஒரே தம்பி.

புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். படத்தில் வேகமெல்லாம் கேமராக்காரன் கையில்தான். கேமராவின் கைப்பிடியை மெதுவாகச் சுற்றினால் திரையில் வண்டி பறக்கும். ஓட்டுகிறவன் பால் வண்டி மாதிரி போனால் போதும். அந்தத் தைரியத்தில்தான் அக்காக்காரி அனுப்பினாள். அப்படியும், "அவனை முழுசாக் கூட்டிட்டு வாங்க. உங்களைத்தான் கேப்பேன்" என்று எல்மரிடம் காலையிலேயே சொல்லிவிட்டாள்.

கிளைடுக்கு எல்லாம் கிண்டல். "மச்சான், நான் தூங்கிக்கிட்டே ஓட்டுவேன். நீங்க தூங்காமச் சுத்துங்க, அது போதும்."

டைரக்டர் கொடியை இறக்கினார். எல்மர் மெதுவாகச் சுற்றினான். டக்... டக்... டக்...

வண்டி தூரத்தில் ஆடி அசைந்து வந்தது. அப்போது ஒரு வாசனை. விளக்கெண்ணெய் கருகுகிற வாசனை. பெரிய பந்தய வண்டிகளின் எஞ்சினுக்கு ஊற்றுவார்களே, அது. கிளைடின் வண்டிக்கு அதை ஊற்றவே இல்லை. வாசனை வந்தது எல்மரின் பிடரிக்குப் பின்னாலிருந்து...

வண்டி உறுமியது. திரையில் எந்த வேகத்தில் தெரிய வேண்டுமோ, அந்த வேகத்தில் நிஜமாகவே வந்தது. கிளைட் பிரேக்கை மிதித்தான். சக்கரத்தில் புகை. வேகம் குறையவில்லை.

எல்மருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. தன் கை மெதுவாகப் போகிற அளவுக்கு அங்கே வண்டி பறக்கிறது. வேகமாகச் சுற்றினால் பிழைத்துக்கொள்வான். சுற்றப் பார்த்தான்... முடியவில்லை. அவன் கைமேல் இன்னொரு கை. பந்தயம் ஓட்டுகிறவர்கள் போடுகிற தோல் உறை போட்ட கை. ஈரமாக, ஜில்லென்று. டக்... டக்... டக்... கையை உருவப் பார்த்தான். விரல் பிரியவில்லை. அழுதான். "விடு, விடு" என்று கெஞ்சினான். கை அதன்பாட்டுக்கு, அதே நிதானத்தில் சுற்றியது.

வண்டி பள்ளத்துக்குள் போய்விட்டது. சத்தம் அப்புறம்தான் வந்தது. பிலிம் தீர்ந்த பிறகுதான் அவன் கை நின்றது.

அவன் பின்னால் யாருமே இல்லை என்று அத்தனை பேரும் சத்தியம் செய்தார்கள். வீட்டில் மனைவி ஒன்றுமே கேட்கவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

பிலிமைக் கழுவியதும் எல்மர் தனியாகப் போட்டுப் பார்த்தான். வளைவில் கிளைடின் முகம் பெரிதாக வருகிறது. சாலையைப் பார்க்கவில்லை. கேமராவையும் பார்க்கவில்லை. அதற்குக் கொஞ்சம் மேலே பார்க்கிறான். உதடு படபடவென்று அசைகிறது. ஊமைப் படத்திலேயே காலம் தள்ளுகிற நமக்கு உதட்டைப் படிக்கத் தெரியாதா? எல்மர் கையாலேயே மெல்ல மெல்ல ஓட்டிப் பார்த்தான்.

"ஐயா... எங்க மச்சான் கையை விட்டுடுங்க, ஐயா..."