கட்டு மாற்றும் கை

எனக்குத் திராட்சைப் பழம் அவ்வளவாகப் பிடிக்காது. வாசனை மட்டும் பிடிக்கும். எங்கள் ஆய்வகத்தில் வளர்க்கும் கிருமிக்கு அந்த வாசனை உண்டு. தட்டின் மூடியைத் திறந்தால் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பழச்சாறு குடிப்பதுபோல இருக்கும்.

அதைச் சந்தர்ப்பவாதக் கிருமி என்பார்கள். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஐயா. சந்தர்ப்பம் பார்க்காதவர் யார்? நல்ல உடம்பில் அது வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். தீக்காயம், ஆறாத புண் என்று ஓர் இடம் கிடைத்தால் உள்ளே நுழைந்து, கூட்டம் சேர்த்து, பிசின்போல ஒரு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும். அப்புறம் நீங்கள் எந்த மருந்தை ஊற்றினாலும் மழையில் எருமை நிற்பதுபோல நிற்கும்.

எங்களிடம் இருந்தது என் மனைவியின் காலிலிருந்து வந்தது. அவளுக்குச் சர்க்கரை. செருப்பு கடித்த இடம் புண்ணாகிவிட்டது. நான்தான் பஞ்சால் ஒற்றி எடுத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். ஒரே ஒரு மருந்தைத் தவிர வேறெதற்கும் அது மசியவில்லை. மாநாட்டில் அதன் படத்தைக் காட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"என் கால் மட்டும் ஊர் ஊரா போவுது. என்னால வாசலைத் தாண்ட முடியல," என்றாள். அவளுக்கு எப்போதும் வாய் கொஞ்சம் அதிகம்.

நான் ஓய்வு பெற்றவன். அந்தக் கிருமி எப்படி உடம்பைப் பிடிக்கிறது என்ற ஆராய்ச்சி நடக்கும்வரை எனக்கும் ஒரு நாற்காலி என்று ஏற்பாடு. அதில்தான் தொல்லை வந்தது. தட்டில் போட்டு வேளாவேளைக்குத் தீனி வைத்தால் எந்தக் கிருமியும் சொகுசுக்குப் பழகிவிடும். அதன் வீரியத்தைச் சோதிக்க நாங்கள் அதை ஊசியில் ஏற்றிய புழுக்கள் சாகாமல் ஊர்ந்துகொண்டே இருந்தன. எங்கள் ஆய்வாளர் பெண்ணுக்கு, வாய் ஓயாததால், பட்டாசு என்று பெயர்.

"சார், உங்க புலி பூனையாயிடுச்சு. இனி பால் வாங்கி ஊத்துங்க," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாற்காலியை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

உயிருள்ள உடம்புக்குள் போய்வந்தால் அதற்குப் பழைய கோபம் திரும்பும். வீட்டிலோ புண் ஆறிக்கொண்டிருந்தது. கிருமியைப் பிறந்த வீட்டுக்குக் கொஞ்ச நாள் அனுப்பிவைப்பதில் தப்பில்லை என்று தோன்றியது.

அவளுக்குக் கட்டு மாற்றுவது எப்போதும் நான்தான். அவள் தங்கை நர்ஸ். "அத்தான் கை மாதிரி பூப்போல கை எங்க வார்டுலகூட யாருக்கும் கிடையாது," என்பாள். அந்தக் கையால்தான் தட்டுக் கிருமியைப் பஞ்சில் தொட்டுப் புண்ணில் வைத்தேன். சீக்கிரமே கட்டுத்துணியில் நீலப்பச்சை படர்ந்தது. அறையெல்லாம் திராட்சை மணத்தது. திரும்ப எடுத்துக்கொண்டுபோய் ஊசி போட்டதும் புழுக்கள் கருத்துச் சுருண்டன. மறுபடி சொகுசு ஏறும்போதெல்லாம் மறுபடி அனுப்பினேன். இடையில் அவள் கால்விரல் இரண்டை எடுக்க வேண்டியிருந்தது. சின்ன விரல்கள்தான்.

நான் எதையும் மறைத்தவன் இல்லை. ஆய்வகத்தில் எனக்குக் கதைவிடுகிறவன் என்று பெயர். எங்கள் கிருமி ஒரு குப்பி மருந்தைக் குடித்து ஏப்பம் விட்டுவிட்டு, இன்னொன்று குளிர்ச்சியாக இருக்கிறதா என்று கேட்டது என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். புலி எப்படித் திரும்பியது என்று தேநீர் வேளையில் கேட்டார்கள். "வீட்டுக்காரி கால்ல மேயவிட்டு ஓட்டிட்டு வந்தேன்," என்றேன்.

பட்டாசுக்குத் தேநீர் புரையேறிவிட்டது. "அம்மாவுக்கு மேய்ச்சல் கூலி குடுத்தீங்களா சார்?"

யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். ஒருவரும் சொல்லவில்லை.

பிறகு என் மனைவி தங்கை வீட்டுக்குக் கொஞ்சம் ஓய்வாக இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். கட்டு யார் மாற்றுகிறார்கள் என்று போனில் கேட்டால், "அதெல்லாம் நடக்குது, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று பேச்சை மாற்றினாள். திரும்பி வந்ததும் துணியைப் பிரித்தேன். பச்சை இல்லை. வாசனை இல்லை. குழந்தையின் உள்ளங்கைபோல இளஞ்சிவப்பாகப் புதுத்தோல்.

"எப்படி ஆச்சு?"

"தங்கச்சி கட்டினா. ஆறிடுச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்க கைபட்டா ஆறலைங்க. அதைப் போய் உங்ககிட்ட எப்படிச் சொல்றது? இவ்வளவு பாடுபடுறீங்க, மனசு விட்டுப்போயிடுமேன்னுதான்."

இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவள், என் முதுகுக்குப் பின்னால் ஆறிவிட்டு வந்து நிற்கிறாள். துரோகம் என்பது பெரிய சொல்தான். வேறு சொல் இருந்தால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் கட்டு மாற்றினேன். பஞ்சில் இந்த முறை தாராளமாகவே வைத்தேன். புதுத்தோல் கெட்டியாக இருந்ததால் கொஞ்சம் கீறவும் வேண்டியிருந்தது.

அவளுக்குக் காய்ச்சல் வந்து நினைவு தப்பியதும் தங்கை அந்தக் கட்டுத்துணியை எங்கள் ஆய்வகத்துக்கே அனுப்பிவிட்டாள். வெளிக் கிருமியோடு கலந்துவிடாமல் இருக்க, எங்களுடையது நீல விளக்கில் சிவப்பாக ஒளிரும்படி நாங்கள் அதன் மரபணுவில் ஓர் அடையாளம் வைத்திருந்தோம். உலகத்தில் வேறெங்கும் அப்படி ஒளிராது. துணியிலிருந்து வளர்த்த தட்டைப் பட்டாசு விளக்கின் கீழ் வைத்தாள். நான் வளர்த்ததே என்னைக் காட்டிக்கொடுத்தது. அவள் விளக்கை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள்; சிவப்பு போகவில்லை.

"சார், அன்னைக்கு சொன்னது கதைதானே? கதைன்னு சொல்லுங்க சார்."

முதன்முதலாக என் கதையை ஒருவர் நம்பினார். அவள்தான் உங்களைக் கூப்பிட்டாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய்.

ஆமாம், நான்தான் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் நான்தான். கடைசியாக மிச்சமிருந்த மருந்துக்கும் இப்போது அது மசிவதில்லை என்று டாக்டர் சொன்னாராமே. அவள் இரத்தத்திலிருந்து அதைக் கொஞ்சம் எடுத்துப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அப்படி ஒன்று இனிக் கிடைக்காது.

எழுதி முடித்துவிட்டீர்கள் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, ஐயா? கட்டு மாற்றும் நேரம் ஆகிவிட்டது. வேறு யார் கைபட்டாலும் அவளுக்கு ஆறாது.