இறங்க மறந்தால்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீற்றில் ஓர் அண்ணனும் தங்கையும். அவளுடைய கட்டை முடிக்குள், காதுக்கு மேலே நீளமான தையல் தழும்பு.

"குருக்கள்மடத்தில இறங்கணும். மறந்திராத புள்ள."

"மறந்தா இன்னொரு ஊர் பாக்கலாம். போன கிழமை அப்பிடித்தானே தனியக் கல்முனை பாத்த நான்."

நான் போனை அணைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினேன்.

"ஆத்தில தனியத் தோணியும் வலிக்கிறயாமே?"

"ஓம். கரை தெரிஞ்சாப் போதும். ஊர்ப் பேர ஆரிட்டயும் கேப்பன்."

அண்ணன் சிரிக்கவில்லை. காத்தான்குடி தாண்டியதும் குரலைத் தாழ்த்தினார்.

"அண்டைக்கு வீட்டில ஒரு ஹெல்மட்தான் இருந்த. ஓட்டுறவனத்தானே பொலிஸ் பிடிக்கும் எண்டு நான் போட்டுக்கிட்டன். பின்னால இருந்த உன்ட மண்டைதான் உடைஞ்ச."

"எனக்கு அந்த நாள் நினைவில்ல அண்ணா. பொறுங்க, கொப்பியப் பாக்கிறன்."

பையிலிருந்து கொப்பியை எடுத்து, பக்கம் தேடி வாசித்தாள். "பஸ்ஸில அண்ணன் ஹெல்மட் கதை சொல்லுவார். கோவமில்ல எண்டு சொல்லணும்."

கொப்பியை மூடினாள்.

"கோவமில்ல அண்ணா."

கொண்டக்டர் குருக்கள்மடம் என்று கூவினார். அவள் எழுந்து படிவரை போனாள். அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். அவள்தான் திரும்பி வந்து அவர் தோளைத் தட்டினாள்.