செவிலியர் இல்டா கேட்ட கால் மணி நேரம்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, செவிலியர் சங்கத் தலைவர் அவர்களே, இல்டாவின் தங்கை மிர்த்தா அவர்களே, ஆற்றங்கரையின் இந்தக் குளிரிலும் வந்து கூடியிருக்கும் நண்பர்களே, வணக்கம்.

மறைந்த தலைமைச் செவிலியர் இல்டா புர்கென்யோவைப் புகழ்ந்து பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். எனக்கு அந்தத் தகுதி உண்டா? அவருக்குக் கண்டனக் கடிதம் எழுதியவன் நான்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நம் புற்றுநோய்ப் பிரிவில், என் தலைமையில், ஒரு புதிய மருந்தின் சோதனை தொடங்கியது. கண்ணுக்கே தெரியாத நானோ கொழுப்புக் குமிழிகளுக்குள் புற்றுநோய் மருந்தை அடைத்து, இதயத்தைக் கெடுக்காமல் கட்டிக்குக் கொண்டு சேர்க்கும் முறை. தலைநகர் மொந்தேவீதேயோவிலிருந்து பாராட்டு வந்தது. நான் தலை நிமிர்ந்து நடந்தேன்.

இல்டா நோயாளிகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து ஏறத் தொடங்கிய சில நிமிடங்களில் சிலருக்கு முகம் சிவந்தது, முதுகு பிடித்தது, மூச்சு இறுகியது. அவர் சொட்டின் வேகத்தைக் குறைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். ஒரு மணி நேர வேலை இரண்டரை மணி நேரமானது. அட்டவணை கெடுகிறது என்றேன். "அட்டவணைக்கு மூச்சு முட்டாது டாக்டர்" என்றார். கடிதம் எழுதினேன். வேறு வார்டுக்கு மாற்றினேன்.

அவரை மாற்றிய மூன்றாவது வாரம் லாரி ஓட்டுநர் ரூபன் தெச்சேரா இரண்டாவது தவணைக்கு வந்தார். முதல் தவணையை மெதுவாக ஏற்றியவர் இல்டா. அவர் எங்கே என்று ரூபன் கேட்டார். நான் வகுத்த வேகத்திலேயே மருந்தை ஏற்றச் சொன்னேன். பத்தாவது நிமிடத்தில் மூச்சு நின்றது. எங்களால் மீட்க முடியவில்லை. நோய் முற்றிவிட்டது என்று அவர் மனைவி நோர்மாவிடம் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் இல்டாவைத் திரும்ப அழைக்கப் போனேன்.

"வர்றேன். ஆனா மருந்து ஏறுற முதல் கால் மணி நேரம் என் கையில இருக்கணும். இன்னொண்ணு, நோர்மாகிட்ட நீங்களே போய் உள்ளதைச் சொல்லணும்."

முதலாவதை அன்றே ஏற்றேன். அதன் பிறகு நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அவர் கையால் அந்த மருந்து ஏறியது. மருந்து ஏறும்போது ஒருவரையும் நாம் இழக்கவில்லை. இரண்டாவதை? ஒவ்வோர் ஆண்டும் ரூபனின் நினைவு நாளில் "போனீங்களா?" என்று கேட்பார். அடுத்த மாதம் என்பேன். கடந்த வியாழக்கிழமை, மூளையில் ரத்தம் கசிந்து இல்டா இறந்தார். இனி என்னைக் கேட்க ஆளில்லை.

நேற்று போனேன். நோர்மா மாத்தே மூலிகைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வந்தவரோடு பகிர்ந்து குடிக்கும் அந்தக் கோப்பையை எனக்கு நீட்டவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இல்டா அந்த வாரமே வந்து சொல்லிட்டாங்க. நீங்க என்னிக்கு வருவீங்கன்னுதான் பார்த்துட்டு இருந்தேன்."

மன்னித்தாரா? சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நண்பர்களே, அந்தக் கண்டனக் கடிதத்தை இன்று காலை எழுத்து மூலம் திரும்பப் பெற்றேன். ரூபன் இறந்த விதத்தை ஒளிக்காமல் எழுதி, சோதனைக் குழுவுக்கு என் கையெழுத்தோடு அனுப்புவேன். இனி முதல் கால் மணி நேரம் மருத்துவரின் கையில் இல்லை. நோயாளியின் பக்கத்தில் நிற்கும் செவிலியரின் கையில். அதைப் பறிக்க யார் வந்தாலும், நானே வந்தாலும், விட்டுக்கொடுக்காதீர்கள்.